கீலின் இடம்: போர்விமானத்தின் லாவகமும் மறைவும்

மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், மோனசைட் என்னும் கனிமங்கள் கலந்து கிடக்கின்றன. இவ்வூர் மணல் ஆலை அவற்றைக் காந்தத்தாலும் உயர் மின்னழுத்தத்தாலும் பிரித்தெடுக்கிறது. காந்தத்தின் முன் இல்மனைட்டும் கார்னெட்டும் ஒரே பக்கம் சேர்கின்றன. மின்னழுத்தத்தின் முன்னோ, அதே இல்மனைட் கார்னெட்டை விட்டு விலகி ரூட்டைலோடு சேர்ந்துகொள்கிறது. மணல் ஒன்றுதான், எந்த விசை அதனிடம் கேள்வி கேட்கிறது என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. போர்விமானத்தின் உடலும் இவ்வாறே இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டிய பொருளாகும். அதன்மேல் பாய்ந்து செல்லும் காற்று ஒரு கேள்வியைக் கேட்கிறது. தொலைவிலிருந்து வந்து மோதும் ராடார் அலை வேறொன்றைக் கேட்கிறது. காற்றுக்கு ஏற்ற விடை அலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

இந்த இரண்டு விடைகளும் நேருக்கு நேர் மோதிக்கொள்ளும் இடம் கட்டுப்பாட்டுப் பரப்பு ஆகும். இறக்கையிலோ வாலிலோ கீல் வைத்துப் பொருத்தப்பட்டு, விமானியின் ஆணைக்கேற்ப மேலும் கீழும் அல்லது இடமும் வலமும் அசையும் பலகை போன்ற பகுதிக்கு அப்பெயர் வழங்குகிறது. அது உடலின் முன்புறத்தில் இருக்க வேண்டுமா, பின்புறத்திலா, இறக்கையின் விளிம்பிலேயே அடங்கிவிட வேண்டுமா என்ற தேர்வு விமானத்தின் லாவகத்தை, அதாவது விரைந்து திரும்பும் திறனை, முடிவு செய்வதோடு, ராடாருக்கு எளிதில் புலப்படாமல் பறக்கும் மறைவுத்திறனையும் பெருமளவு முடிவு செய்கிறது. இக்கேள்விக்குத் தரப்பட்ட இருவேறு விடைகளைத் தமிழ்நாட்டின் இரண்டு விமானப்படைத் தளங்களிலேயே காணலாம்: ஒன்று சூலூரில் நிற்கும் தேஜஸ்; மற்றொன்று தஞ்சாவூரில் நிற்கும் சுகோய்-30 எம்கேஐ.

மூன்று அசைவுகளும் நெம்புகோலும்

விமானம் தன் எடைமையத்தைச் சுற்றி மூன்று வகையாக அசைகிறது. மூக்கு ஏறி இறங்குவது பிட்ச் என்றும், ஓர் இறக்கை உயர்ந்து மற்றது தாழ உடல் உருள்வது ரோல் என்றும், மூக்கு இடமோ வலமோ திரும்புவது யா என்றும் கூறப்படுகின்றன. வழக்கமான அமைப்பில் கிடைவாலில் உள்ள எலிவேட்டர் முதல் அசைவையும், இறக்கை நுனிகளுக்கு அருகில் உள்ள எய்லரான் இரண்டாவதையும், செங்குத்து வாலில் உள்ள ரட்டர் மூன்றாவதையும் கவனித்துக்கொள்கின்றன.

இவை அனைத்திற்கும் அடிப்படை நெம்புகோல் விதியே. விசையின் அளவும், எடைமையத்திலிருந்து அவ்விசை செயல்படும் தொலைவும் பெருகினால் திருப்புதிறன் பெருகும். கலப்பையின் பெயரைத் தாங்கிய நாஞ்சில் நாட்டில் இதற்கு வேறு எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை. உழுபவர் பின்னால் நின்று மேழியைச் சற்றே கீழ்நோக்கி அழுத்தினால், முன்னால் உள்ள கொழுமுனை மண்ணை விட்டு மேலெழுகிறது. விமானத்தின் கிடைவால் செய்வதும் இதுவே: வால் கீழே அழுத்தப்படுவதால் மூக்கு உயர்கிறது. ஆனால் இதில் ஓர் இழப்பு உண்டு. விமானம் மேலே ஏற வேண்டிய அதே கணத்தில் வால் கீழ்நோக்கிய விசையைத் தருவதால், இறக்கை அந்தக் கூடுதல் பாரத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்கிறது.

கிடைவாலை எடுத்துவிட்டு, எடைமையத்திற்கு முன்னால் ஒரு சிறு சிறகை வைத்தால் மூக்கு மேல்நோக்கிய விசையாலேயே உயரும். இழப்பு வரவாக மாறும். கனார்ட் எனப்படும் இந்த முன்சிறகு புதிய கருத்தன்று. 1903இல் ரைட் சகோதரர்கள் பறக்கவிட்ட விமானத்திலேயே ஏற்ற இறக்கத்திற்கான பரப்பு முன்புறத்தில்தான் இருந்தது. ஆயினும் அம்பின் இறகுகள் ஏன் பின்புறத்தில் கட்டப்படுகின்றன என்று எண்ணிப் பார்த்தால் கனார்ட்டின் சிக்கல் புலப்படும். பின்னால் உள்ள இறகு அம்பை நேர்வழியில் நிறுத்துகிறது. முன்னால் கட்டினால் அதே இறகு அம்பைப் புரட்டிவிடப் பார்க்கும். முன்புறப் பரப்பு லாவகத்தைக் கூட்டி நிலைத்தன்மையைக் குறைக்கிறது; பின்புறப் பரப்பு நிலைத்தன்மையைத் தந்து லாவகத்திற்கு விலை கேட்கிறது.

சூலூர்: வாலில்லா இறக்கை

தேஜஸ் விமானத்திற்குக் கனார்ட்டும் இல்லை, கிடைவாலும் இல்லை. 2001 ஜனவரி 4 அன்று முதன்முதலாகப் பறந்த இவ்விமானம், முன்விளிம்பின் சாய்வு இடையில் மாறும் முக்கோண இறக்கையைக் கொண்டது. இறக்கை விரிவு 8.2 மீட்டர், நீளம் 13.2 மீட்டர். தேஜஸைக் கொண்டு 2016 ஜூலை 1 அன்று பெங்களூருவில் மீண்டும் தொடங்கப்பட்ட 45ஆம் படைப்பிரிவு 2018இல் சூலூருக்கு வந்தது. 2020 மே 27 அன்று 18ஆம் படைப்பிரிவும் அங்கேயே தேஜஸுடன் தொடங்கப்பட்டது.

இவ்விமானத்தின் இறக்கைப் பின்விளிம்பு முழுவதும் எலிவான் எனப்படும் பரப்புகள் அமைந்துள்ளன. எலிவேட்டரின் வேலையும் எய்லரானின் வேலையும் ஒன்றாகச் சேர்ந்ததால் பிறந்த பெயர் அது: இரு பக்க எலிவான்களும் ஒன்றாக அசைந்தால் மூக்கு ஏறி இறங்கும், எதிரெதிராக அசைந்தால் உடல் உருளும். முன்விளிம்பில் உள்ள ஸ்லாட் எனப்படும் நகரும் பட்டைகள், மூக்கு மிகவும் உயர்ந்த நிலையிலும் காற்றோட்டம் இறக்கையை விட்டுப் பிரிந்துபோகாமல் காக்கின்றன. செங்குத்து வாலும் அதன் ரட்டரும் ஒன்றே ஒன்று. பரப்புகளின் எண்ணிக்கை குறைந்ததால் எடையும் காற்றின் இழுவையும் குறைகின்றன.

எலிவான்களுக்கு இரு குறைகள் உண்டு. அவை எடைமையத்திலிருந்து வால் அளவுக்குத் தள்ளி இல்லாததால் நெம்புகோல் குட்டையானது. மேலும், ஒரே பரப்பு இரு வேலைகளைச் செய்வதால், மூக்கை முழு அளவில் உயர்த்தும் கணத்தில் உருள்வதற்கு மிச்சம் இருப்பது குறைவு. இக்குறைகளுக்கு மாற்றாக வடிவமைப்பாளர்கள் நிலைத்தன்மையையே தளர்த்தினார்கள். எடைமையம் ஏற்றுவிசை மையத்திற்கு முன்னால் இருந்தால் விமானம் தானாக நேர்ப்படும். பின்னால் தள்ளப்பட்டால் சிறு சலனமும் பெருகிக்கொண்டே போகும். தேஜஸ் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதனால் அது சொன்னவுடன் திரும்புகிறது. எலிவான் மேல்நோக்கி மடிந்து ஏற்றுவிசையைக் குறைப்பதற்கு மாறாக, சமநிலையில் கீழ்நோக்கி நின்று ஏற்றுவிசைக்குத் துணைபுரிகிறது. ஆனால் மனிதக் கை அத்தகைய விமானத்தை நேராக வைத்திருக்க இயலாது. எனவே விமானியின் ஆணை மின்சைகையாகக் கணினிக்குச் சென்று, கணினி பரப்புகளை இயக்கும் ஃப்ளை-பை-வயர் முறை, ஒன்று பழுதானாலும் மற்றவை காக்கும் வகையில் நான்கு தடங்களாக அமைக்கப்பட்டது. பரப்புகளை உண்மையில் தள்ளி இழுப்பது ஹைட்ராலிக் அழுத்தம். அந்த அழுத்தத்தைத் தரும் பம்புகளுக்கு எஞ்சினின் சுழற்சியைக் கொண்டு சேர்க்கும் பல்சக்கரப் பெட்டி, ஆவடியில் உள்ள போர் ஊர்தி ஆய்வு நிறுவனத்தில் உருவாக்கப்பட்டது.

தஞ்சாவூர்: முன்னும் பின்னும்

2020 ஜனவரி 20 அன்று தஞ்சாவூரில் தொடங்கப்பட்ட 222ஆம் படைப்பிரிவின் சுகோய்-30 எம்கேஐ இதற்கு நேர்மாறான கொள்கையின் விளைவு. அதில் இறக்கைக்கு முன்னால் கனார்ட் உண்டு. பின்னால் முழுமையாக அசையும் கிடைவால் உண்டு. இரண்டு செங்குத்து வால்கள் உண்டு. போதாததற்கு, எஞ்சின்களின் புகைவாய்களே திசைமாறி அசைந்து உந்துவிசையைத் திருப்பிவிடுகின்றன.

இக்கனார்ட்டின் பணி மூக்கை உயர்த்துவதோடு முடிந்துவிடுவதில்லை. சாய்ந்த முன்விளிம்பைக் காற்று கடக்கும்போது திருகுபோல் சுருண்ட சுழல் ஒன்று பிறந்து பின்னோக்கி ஓடுகிறது. அச்சுழல் இறக்கையின் மேற்பரப்பைத் தழுவிச் செல்வதால், காற்றோட்டம் பிரிந்து ஏற்றுவிசை சரியும் நிலை தள்ளிப்போகிறது. காற்றே வலுவிழந்து எந்தப் பரப்பும் பிடிகொடுக்காத மிகக் குறைந்த வேகத்தில், புகைவாயின் திருப்பம் கைகொடுக்கிறது. வான்காட்சிகளில் இவ்விமானம் மூக்கைச் செங்குத்தாக நிறுத்திக் காற்றில் தவழ்வது இந்தக் கூட்டு உழைப்பினால்தான்.

காற்றின் கேள்விக்கு இவ்வளவு தாராளமாக விடை சொன்ன அதே உடல், ராடாரின் கேள்விக்கு முன் நிற்கும்போது அதன் ஒவ்வொரு பரப்பும் ஒரு சாட்சியாக மாறிவிடுகிறது.

ராடார் காணும் விமானம்

ராடார் அனுப்பும் அலை விமானத்தில் பட்டு, அதில் ஒரு சிறு பங்கு வந்த வழியே திரும்பினால்தான் விமானம் புலப்படும். அவ்வாறு திரும்பும் பங்கின் அளவை ராடார் குறுக்குப்பரப்பு என்பர். மறைவுத்திறனின் நோக்கம் அலையை முற்றிலும் விழுங்குவதன்று; பெரும்பகுதியை வேறு திசைகளுக்குத் தள்ளிவிடுவதும் எஞ்சியதை உறிஞ்சுவதுமே. ராடார் காணும் தொலைவு இக்குறுக்குப்பரப்பின் நான்காம் படி மூலத்தைப் பொறுத்தது. 160 கிலோமீட்டரில் தென்படும் விமானத்தின் குறுக்குப்பரப்பைப் பதினாறில் ஒன்றாகக் குறைத்தால் அது 80 கிலோமீட்டரில் தென்படும். 16 கிலோமீட்டரில்தான் தென்பட வேண்டும் என்றால் பத்தாயிரத்தில் ஒன்றாகக் குறைத்தாக வேண்டும். ஆகவே மறைவுத்திறனில் அரைகுறை முயற்சிக்குப் பயன் சொற்பம். ஒரே ஒரு பரப்பைக் கவனிக்காமல் விட்டாலும் மற்ற உழைப்பெல்லாம் வீணாகிவிடும்.

கட்டுப்பாட்டுப் பரப்புகள் அலையை மூன்று வழிகளில் திருப்பி அனுப்புகின்றன. முதலாவது மூலை. கேரம் பலகையின் மூலைக்கு அருகில் இரு சட்டங்களிலும் அடுத்தடுத்து மோதும் ஸ்ட்ரைக்கர், எந்தச் சாய்வில் அடிக்கப்பட்டாலும், வந்த வழிக்கு இணையாகவே திரும்பி வரும். இரண்டு பரப்புகள் செங்கோணத்தில் சந்திக்கும் இடமெல்லாம் ராடார் அலைக்குக் கேரம் மூலையே. நிமிர்ந்து நிற்கும் செங்குத்து வாலும் அதனருகில் படுத்திருக்கும் கிடைவாலும் சுகோயின் பக்கவாட்டில் அத்தகைய மூலையை உண்டாக்குகின்றன.

இரண்டாவது விளிம்பு. நேரான விளிம்பு தனக்குச் செங்குத்தான திசையில் அலையை வலுவாகத் திருப்பும். சோவியத் இயற்பியலாளர் பியோத்தர் உஃபிம்ட்சேவ் 1962இல் வெளியிட்ட விளிம்பலை ஆய்வு இதைக் கணக்கிடும் வழியைத் தந்தது. அதைப் பயன்படுத்திக்கொண்டவர்கள் அமெரிக்காவின் லாக்ஹீட் நிறுவனப் பொறியாளர்கள். 1981இல் பறந்த எஃப்-117 விமானத்தின் கணக்குகளில் அவ்வாய்வுக்குப் பங்கு உண்டு.

மூன்றாவது இடைவெளி. போர்விமான ராடார்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் எக்ஸ் பட்டையில் அலைநீளம் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர். உலோகப் பரப்பின்மேல் ஊர்ந்து செல்லும் அலை, பரப்பு தொடர்ச்சியாக இருக்கும்வரை அமைதியாகச் செல்லும். கீலின் இடுக்கு குறுக்கிட்டால் அங்கே சிதறும். ஓர் எலிவானை அருகில் நின்று பார்த்தால் இது விளங்கும். அது இறக்கையோடு ஒரே தளத்தில் கிடக்கும்போது மெல்லிய கோடு ஒன்றே தெரியும். அது கீழ்நோக்கி மடியும்போது பலகை புதிய திசையை நோக்குகிறது. இரு ஓரங்களிலும், அசையாத இறக்கைக்கும் அசைந்த பலகைக்கும் நடுவே, அதுவரை மறைந்திருந்த பக்கச்சுவர்கள் படிபோல் வெளிப்படுகின்றன. அசையாதபோது ஒரு பரப்பாக இருந்தது, அசைந்ததும் பல விளிம்புகளும் சிறு மூலைகளும் கொண்ட தொகுதியாகிவிடுகிறது. விமானம் தன் லாவகத்தைக் காட்டும் கணமே அது தன்னைக் காட்டிக்கொள்ளும் கணமுமாகும்.

சாய்ந்த வால், ஒழுங்கான விளிம்பு

இவற்றுக்கான மாற்று, பரப்புகளை நீக்குவது மட்டுமன்று. அவற்றை இடம்பார்த்து வைப்பதும் ஆகும். செங்குத்து வாலை 25 பாகை வெளிப்புறமாகச் சாய்த்தால், பக்கத்திலிருந்து கிடையாக வரும் அலை 50 பாகை விலகித் தரையையோ வானத்தையோ நோக்கிப் போய்விடும். கிடைவாலோடு இருந்த செங்கோணமும் கலைந்துவிடும். அமெரிக்காவின் எஃப்-22 இந்த வழியைப் பின்பற்றியது. அதன் கிடைவால்கள் இறக்கைக்குப் பின்னால், ஏறக்குறைய அதே மட்டத்தில் ஒட்டி அமைந்திருப்பதால், முன்னாலிருந்து பார்க்கும் ராடாருக்கு இறக்கையின் நிழலில் ஒதுங்குகின்றன. வாலின் விளிம்புகள் இறக்கை விளிம்புகளுக்கு இணையாக வெட்டப்பட்டுள்ளன. விளிம்புகள் பல திசைகளை நோக்கினால் எதிரொலி எல்லாப் பக்கமும் சிதறும். இணையாக இருந்தால் அது ஒருசில குறுகிய திசைகளில் மட்டும் குவியும். அத்திசைகளில் எதிரியின் ராடார் கணநேரமே இருக்கும் என்பதால், குவிக்கப்பட்ட எதிரொலி தொடர்ந்து பின்தொடரப் போதாது.

எஃப்-22உடன் போட்டியிட்ட ஒய்எஃப்-23, கிடைவாலையும் செங்குத்து வாலையும் இணைத்து, அகலச் சாய்ந்த இரண்டே வால்களில் எல்லா வேலையையும் அடக்கியது. 1989இல் பறந்த பி-2 குண்டுவீச்சு விமானமோ வாலையே துறந்தது. இறக்கை நுனியில் மேலும் கீழும் பிளந்து விரியும் பலகைகள் ஒரு பக்க இழுவையைக் கூட்டி மூக்கைத் திருப்புகின்றன. பி-2 ஏறக்குறைய ஒரே இறக்கையாகவே இருப்பதால் அதன் மறைவு மிகுதி. ஆனால் போர்விமானத்திற்குரிய லாவகம் அதனிடம் எதிர்பார்க்கப்பட்டதே இல்லை.

கனார்ட் குறித்த வழக்கு

கனார்ட் வைத்த விமானம் மறைந்து பறக்க இயலாது என்பது பலரும் சொல்லும் முடிவு. அதற்குக் காரணங்கள் உண்டு. கனார்ட் இறக்கைக்கு முன்னால் இருப்பதால் அதை மறைக்கும் நிழல் எதுவும் இல்லை. சுழல் இறக்கைமேல் பரவுவதற்காக அது பெரும்பாலும் இறக்கை மட்டத்திற்கு மேலே வைக்கப்படுகிறது. எதிரியை நோக்கிச் செல்லும்போதும் அது சமநிலைக்காக அசைந்துகொண்டே இருக்கும்.

எனினும் இதை விதியாகக் கொள்வதற்கில்லை. 2011 ஜனவரியில் பறந்த சீனாவின் ஜே-20, மறைவுத்திறன் கொண்ட விமானமாகவே வடிவமைக்கப்பட்டும் கனார்ட்டைக் கைவிடவில்லை. 1997இல் அமெரிக்காவில் பறந்த ஆளில்லாச் சோதனை விமானமான எக்ஸ்-36, கனார்ட்டை வைத்துக்கொண்டு வாலை நீக்கியது. நேராகப் பறக்கும்போது கனார்ட்டின் அசைவை மிகச் சிறிய அளவுக்குள் அடக்கி, திருத்தங்களைப் பின்விளிம்புப் பரப்புகளிடம் ஒப்படைக்குமாறு கணினிக்குக் கட்டளையிட முடியும். விளிம்புகளை இணையாக வெட்டுவதும் உறிஞ்சும் பூச்சுப் பூசுவதும் கனார்ட்டுக்கும் பொருந்தும். ஆகவே கனார்ட் மறைவுக்குத் தடையாகாது. மறைவுக்கான செலவைக் கூட்டும். அச்செலவை ஏற்கலாமா என்பது, அவ்விமானம் தொலைவில் மறைந்து ஏவுகணை வீசுவதற்கா, நெருங்கி மோதுவதற்கா, குறுகிய ஓடுதளத்தில் இறங்குவதற்கா என்பதைப் பொறுத்தது.

நெடும் அலைநீள ராடார்கள் இக்கணக்கில் வேறொரு சிக்கலைச் சேர்க்கின்றன. அலைநீளம் ஒன்றிரண்டு மீட்டராக இருக்கும்போது, ஏறக்குறைய அதே அளவுள்ள வாலோ கனார்ட்டோ அலையோடு ஒத்ததிர்ந்து வலுவான எதிரொலி தரும். அங்கே சாய்வும் இணை விளிம்பும் பெரிதாக உதவுவதில்லை. தனித்து நீட்டிக்கொண்டிருக்கும் சிறு பரப்பு இல்லாமல் இருப்பதே அங்கே மறைவு.

அம்காவும் வாலில்லாச் சிறகும்

இந்தியாவின் அடுத்த தலைமுறைப் போர்விமானமாகிய அம்காவுக்கு 2024 மார்ச்சில் பாதுகாப்புக்கான மத்திய அமைச்சரவைக் குழு ஒப்புதல் அளித்தது. அதன் முழு அளவு மாதிரி 2025 பிப்ரவரியில் பெங்களூரு ஏரோ இந்தியா கண்காட்சியில் வைக்கப்பட்டது. அதில் கனார்ட் இல்லை. வெளிப்புறம் சாய்ந்த இரட்டை வால்களும் இறக்கைக்குப் பின்னால் அமைந்த கிடைவால்களும் உள்ளன. ஆயுதங்கள் உடலுக்குள் அடங்குகின்றன. தேஜஸின் அடுத்த வடிவமான மார்க்-2இலோ கனார்ட் சேர்க்கப்படுகிறது. தேஜஸை உருவாக்கிய விமான மேம்பாட்டு முகமையே இவ்விரண்டையும் வரைந்தது என்பதைக் கருத வேண்டும். ஒரே வரைபலகையில் ஒன்றுக்குக் கனார்ட் சேர்ந்ததும் மற்றொன்றுக்கு நீங்கியதும் முரண்பாடு அன்று. இரண்டு விமானங்களிடம் கேட்கப்பட்ட கேள்விகள் வேறு.

மூன்றாவது வழியும் சோதிக்கப்பட்டுவருகிறது. கர்நாடகத்தின் சித்ரதுர்கா சோதனைத் தளத்தில் 2022 ஜூலை 1 அன்று முதன்முதல் பறந்த ஆளில்லாச் சிறகு விமானம், பல சோதனைகளுக்குப் பின் 2023 டிசம்பரில் வால் ஏதுமின்றிப் பறந்து இறங்கியது. செங்குத்து வால் இல்லாத விமானம் பக்கவாட்டில் தானாக நேர்ப்படாது. அதன் திசையைக் கணினி ஒவ்வொரு கணமும் பிடித்து வைத்திருக்க வேண்டும். தேஜஸ் மூக்கின் ஏற்ற இறக்கத்தில் துறந்த நிலைத்தன்மையை இது திசையிலும் துறக்கிறது. கீலையே ஒழிக்கும் முயற்சிகளும் உலகில் நடைபெறுகின்றன: பிரிட்டனில் 2019இல் பறந்த மாக்மா என்னும் சிறு விமானம், பலகையை அசைப்பதற்குப் பதிலாக, எஞ்சினிலிருந்து எடுத்த காற்றை இறக்கைப் பின்விளிம்பின் நுண்துளை வழியே பாய்ச்சித் திசைமாறியது.

இத்தகைய முயற்சிகள் வெல்லும்வரை கீல் இருந்தே தீரும். அசையும் பரப்பின் முழு விசையையும் தாங்கும் அச்சு, எடை குறைந்ததாகவும் வலியதாகவும் இருந்தாக வேண்டும். அத்தகைய இடங்களுக்கு விமானத் தொழில் நாடும் உலோகங்களுள் டைட்டானியம் முதன்மையானது. அதன் தாதுக்களே மணவாளக்குறிச்சியின் இல்மனைட்டும் ரூட்டைலும். உலகில் எடுக்கப்படும் டைட்டானியத் தாதுவின் பெரும்பகுதி வெள்ளை நிறமியாகிச் சுவர்ப்பூச்சில் சேர்கிறது. ஒரு சிறு பங்கே உலோகமாகிறது. அவ்வுலோகத்தின் முதல்நிலை வடிவமாகிய டைட்டானியப் பஞ்சை உற்பத்தி செய்யும் ஆலை, இக்கடற்கரையின் தொடர்ச்சியிலேயே, கேரளத்தின் சவறாவில் 2011இல் திறக்கப்பட்டது.

1909இல் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டறிந்தபோது, இம்மணலிடம் உலகம் கேட்டது எரிவாயு விளக்கின் வலைத்திரிக்கு வேண்டிய தோரியத்தை மட்டுமே. அதனுடன் கிடந்த கருமை நிற இல்மனைட்டுக்கு அன்று மதிப்பில்லை. வெள்ளை நிறமி கேட்கப்பட்டபோது அதற்கு மதிப்பு வந்தது. விமானத்தின் கீலுக்கு உலோகம் கேட்கப்பட்டபோது அம்மதிப்பு வேறானது. கட்டுப்பாட்டுப் பரப்பு முன்னால் இருப்பது சிறந்ததா, பின்னால் இருப்பது சிறந்ததா என்று பொதுவாக வினவுவோருக்கும் சொல்லக்கூடியது இதுவே: அவ்விமானம் எந்தப் போருக்கு, எந்த ராடாருக்கு எதிராக, எந்த ஓடுதளத்திலிருந்து எழப்போகிறது என்பதை முதலில் சொன்னால், கீலின் இடத்தைப் பிறகு சொல்லலாம்.